சந்தையின் பக்கம் பேசிய கிரேஸ் மேடம்

செய்தி வந்தபோது நான் ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதற்காக நின்றுகொண்டிருந்தேன். படப்பையிலிருந்து மணிமேகலை பேசினாள். கல்லூரியில் எங்கள் பொருளாதாரத் துறையில் படித்து, பிறகு சில ஆண்டுகள் எங்களோடு அங்கேயே பாடம் நடத்தியவள். "மேடம், ரோட்லயா இருக்கீங்க? கொஞ்சம் ஓரமா நில்லுங்க," என்றாள். நின்றேன். "கிரேஸ் மேடம் விடியகாலைல தவறிட்டாங்க. ஷீபா இப்பதான் சொன்னா."

ஷீபா கிரேஸின் மகள். சில மாதங்களாக எந்நேரமும் வரலாம் என்று எல்லோரும் காத்திருந்த செய்திதான் இது. ஆனால் அன்று காலை நகரப் பேருந்துகளைத் தனியாருக்குக் கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தேன். இதற்கு கிரேஸ் என்ன சொல்வார், நான் என்ன திருப்பிச் சொல்வேன் என்று மனதுக்குள் பேசிக்கொண்டேதான் சாலை வரை வந்திருந்தேன். போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு தானாக ஓடியது. அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டது. சாலையைக் கடக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கிரேஸ் சுகிர்தாவிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக அறிமுகம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவர் சந்தையின் பக்கம், நான் சோசலிசத்தின் பக்கம் என்று தாம்பரத்தில் எங்கள் கல்லூரி முழுவதும் தெரியும். ஆனால் உங்கள் கண்ணில் படாத சில விஷயங்கள் எங்களுக்குள் நடந்தன. அவற்றை எழுதாமல் விட்டால் நீங்கள் அவரைப் பாதிதான் அறிந்தவர்களாக இருப்பீர்கள்.

பொருளாதார அமைப்புகளை ஒப்பிடும் பாடத்தை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், திட்டமிட்ட பொருளாதாரம் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. பார்த்தால் கிரேஸ். மாணவிகளோடு மாணவியாக உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். நாளைக்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு எத்தனை மூட்டை கத்தரிக்காய் வேணும்னு எந்த ஆபீசருக்காவது தெரியுமா? தெரியாது. ஆனா யாரும் உத்தரவு போடாமலே நாளைக்குக் காலைல கத்தரிக்காய் வந்து இறங்கிடுது. எப்படி?"

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சூடேறியது. "பையில காசு இல்லாதவளுக்கு எத்தனை கத்தரிக்காய் வேணும்னு உங்க மார்க்கெட்டுக்குத் தெரியுமா மேடம்?" என்றேன். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. கிரேஸும் சிரித்தார். மணி அடித்த பிறகு என் பக்கத்தில் வந்து, "நல்ல அடி. இதை வருஷா வருஷம் செய்வோமா?" என்று கேட்டார். அப்படித்தான் எங்கள் விவாத வகுப்பு ஆரம்பித்தது. பிற துறைப் பிள்ளைகளும் ஜன்னலோரம் வந்து நிற்கும் அளவுக்கு அது வளர்ந்ததை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள்.

அவருடைய பிடிவாதம் புத்தகத்திலிருந்து வந்தது என்றே நான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் கல்லூரி முடிந்து சேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழியில் ஒரு பேக்கரியில் புதிதாகச் சுட்ட ரொட்டியின் வாசனை வந்தது. கிரேஸ் நின்றுவிட்டார். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவர். சொந்தமாக ஒரு அடுப்பு போட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் காலத்தில் மைதாவுக்கும் சர்க்கரைக்கும் பர்மிட் வேண்டும். மனு எழுதினார். வரச் சொன்னார்கள், போனார். மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதினார்.

"ஒவ்வொரு தடவையும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போவார். கிறிஸ்துமஸுக்குக் கட்டுற வேட்டி. கடைசி வரைக்கும் அடுத்தவன் அடுப்புலதான் கேக் செஞ்சார். ஊர்ல எல்லாரும் அது முதலாளி கேக்குன்னுதான் சொல்லுவாங்க. சமத்துவம்னு நீங்க சொல்றப்ப எனக்கு அந்த ஆபீஸ் வாசல்தான் ஞாபகம் வருது, மேடம்."

நான் என் கதையைச் சொன்னேன். என் அப்பா பம்மலில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறி அவர் விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கும். சாதத்தைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுவார். சங்கம் கட்டி, வேலை நிறுத்தம் செய்து, அதன் பிறகுதான் கையுறை கிடைத்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிரேஸ் நிறையக் கேள்விகள் கேட்டார். எத்தனை நாள் நிறுத்தம், அந்த நாட்களில் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள், முதலாளி என்ன பேசினார் என்று. "அப்பா அதையெல்லாம் பேச மாட்டார்," என்றேன்.

ஒரு வருடம் மாணவிகள் ஒரு நிபந்தனை போட்டார்கள். இந்த முறை இருவரும் பக்கம் மாறிப் பேச வேண்டும். அந்நிய முதலீடும் புதுத் தொழிற்சாலைகளும் பேச்சாக இருந்த காலம் அது. எனக்கு அது சுலபமாகத் தோன்றியது. கிரேஸ் வழக்கமாகச் சொல்லும் வாதங்களை வரிசையாக எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். கைதட்டினார்கள். பிறகு கிரேஸ் எழுந்தார்.

அவர் கையில் குறிப்பு எதுவும் இல்லை. "பம்மல்ல ஒருத்தர் இருக்கார்," என்று ஆரம்பித்தார். வேலை நிறுத்தத்தின் முதல் வாரம் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றது, கடைக்காரர் அரிசி தர மறுத்தது, வேறொரு தொழிற்சாலை ஆட்கள் தங்கள் சாப்பாட்டைப் பாதியாகப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தது, கையுறை வந்த நாளில் யாருக்கும் அதைப் போட மனசு வராமல் வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டியது என ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஒரு ஜோடி கையுறைக்கு என்ன விலைன்னு சந்தைக்குத் தெரியும். அது இல்லாத கைக்கு என்ன விலைன்னு அதுக்குத் தெரியாது. அதை அந்த மனுஷங்கதான் சேர்ந்து நின்னு சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது," என்று முடித்தார்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் அப்பா. அந்த அரிசிக் கடையும் அந்தக் கையுறையும் எனக்குத் தெரியாதவை. கிரேஸ் என்னிடம் சொல்லாமல் மூன்று சனிக்கிழமை பம்மலுக்குப் போய், படுக்கையில் இருந்த அப்பாவிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அன்று மாலை பம்மல் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, ஒரு டீச்சரம்மா வந்துச்சு. நல்லா கேட்டுச்சு. நீ இன்னா, எப்பவும் நீதானே பேசுவே," என்றார். அதன் பிறகு ஒரு வருடம்தான் அவர் இருந்தார். அந்த ஒரு வருடம் நான் கேட்டேன், அவர் சொன்னார். அதற்காக கிரேஸுக்கு நான் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. என் பக்கத்தை என்னைவிட நன்றாகப் பேசிவிட்டாரே என்ற பொறாமை அடங்கவே பல மாதம் ஆனது.

எங்கள் சண்டையை இனிச் சொல்ல வேண்டும். அதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் நான்தான்.

தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த ஆசிரியர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தச் சொல்லி நாங்கள் சிலர் போராடினோம். கிரேஸ் அப்போது துறைத் தலைவர். கையெழுத்துப் போட மறுத்தார். "சம்பளத்தை ஏத்துவாங்க, ஆளைக் குறைப்பாங்க. கடைசியா சேர்ந்தவங்கதான் வெளில போவாங்க," என்றார். "இப்படிப் பயந்து பயந்துதான் எல்லாரும் கெட்டோம்," என்று நான் கத்தினேன். போராட்டம் வென்றது. சம்பளம் உயர்ந்தது. அடுத்த மாதமே ஆட்குறைப்பும் வந்தது. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு பெயர் எழுதித் தரும்படி நிர்வாகம் துறைத் தலைவர்களைக் கேட்டது. எங்கள் துறையிலிருந்து போனவள் மணிமேகலை.

ஆசிரியர் அறையில், எல்லோர் முன்னாலும், நான் கிரேஸிடம் சொன்னேன்: "நம்மகிட்ட படிச்ச பொண்ணு. அவ பேரை எழுதிக் கொடுக்க உங்களுக்குக் கை வந்துச்சு, இல்ல?"

கிரேஸ் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. விவாத வகுப்பு நின்றது. ஒரே அறையில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தோம். மதியம் டப்பாவைத் திறந்தால் அவர் வைத்த மீன் குழம்பின் வாசனை வரும், கொஞ்சம் வேண்டுமா என்ற கேள்வி வராது. ஸ்டேஷனுக்கு நான் தனியாக நடந்தேன். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் என் வகுப்புகளும் சப்பென்று ஆகிவிட்டதை நானே கேட்டேன்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. நான் அப்போது முடிச்சூரில் குடியிருந்தேன். அடையாற்றுத் தண்ணீர் ஒரே காலையில் கீழ்வீட்டை மூடியது. எதிர்வீட்டு முதியவரோடும் அவர் மனைவியோடும் மொட்டை மாடியில் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தேன். போன் செத்துவிட்டது. இரண்டாம் நாள் மதியம் தெருவுக்குள் ஒரு மீன்பிடிப் படகு திரும்பியது. அதில் கறுப்புக் குடையோடு ஒரு பெண்மணி நிற்க முயன்றுகொண்டிருந்தார்.

"வசந்தா!"

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை வசந்தா மேடம்தான்.

கோவளம் பக்கத்திலிருந்து லாரியில் படகு ஏற்றி வந்த மீனவர் ஒருவரைத் தாம்பரத்தில் பிடித்து, வாடகை பேசிக் கூட்டி வந்திருந்தார் கிரேஸ். முதியவரையும் அவர் மனைவியையும் ஏற்றிவிட்டு நான் கடைசியாக ஏறினேன். இரண்டு ஆண்டு பேசாதவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் பேசினோம்.

"காசு கொடுத்துத்தான் கூட்டி வந்தீங்களா?" என்றேன்.

"காசு பேசினதாலதான் வந்தார். சும்மா கூப்பிட்டிருந்தா அங்கேயே பத்து பேர் இழுத்துக்கிட்டு நின்னிருப்பாங்க."

"அப்ப காசு இல்லாதவன் மாடியிலேயே சாகணுமா?"

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "இன்னாம்மா இது, போட்ல ஏறிக்கினும் சண்டையா? ஆடாம குந்து. கவுந்துச்சுன்னா அஞ்சு பேரும் பூடுவோம்."

அடங்கி உட்கார்ந்தோம். தண்ணீருக்கு மேலே கூரை மட்டும் தெரிந்த ஒரு காரைத் தாண்டும்போது கிரேஸ் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மணிமேகலை பேரை நான் எழுதிக் கொடுக்கல. வெறும் தாளைத்தான் அனுப்பினேன். அவங்களே சீனியாரிட்டி பாத்து எடுத்துட்டாங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே கிரேஸ்."

"நீங்க கேக்கல. தீர்ப்புதான் சொன்னீங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் அது வலிக்கிறது. குடையை என் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தார். மழை அப்போது விட்டிருந்தது.

கரை சேர்ந்ததும் கிரேஸ் பேசிய வாடகையை நீட்டினார். அந்த மனிதர் லாரி டீசலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "காலைல தெரியாம பேசிட்டேம்மா. உள்ள பாத்தப்புறம் எப்டி துட்டு வாங்குறது? நகரு, அடுத்த தெருவுல புள்ளைங்க கீது," என்று படகைத் திருப்பிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று அவர் போவதைப் பார்த்தோம். "இதுக்கு என் பாடத்துல இடம் இல்ல," என்றார் கிரேஸ். சற்றுப் பொறுத்து, "உங்க பாடத்துலயும் இல்ல," என்றார். அன்று முதல் மூன்று வாரம் சேலையூரில் அவர் வீட்டில்தான் இருந்தேன்.

மறு வாரமே படப்பைக்குப் போய் மணிமேகலையைப் பார்த்தேன். அவள் வேலை போனதில் என் போராட்டத்துக்கும் பங்கு உண்டு என்று சொன்னேன். அவள் அங்கே டியூஷன் சென்டர் தொடங்கியிருந்தாள். "கிரேஸ் மேடம் மாசா மாசம் வந்து என் பிள்ளைங்களுக்கு ஒரு கிளாஸ் எடுக்கறாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று அவள் கேட்டபோது தெரியாது என்று தலையாட்டினேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்தேன். வியாழக்கிழமைகளில் மின்சார ரயிலில் தாம்பரம் போய், அங்கிருந்து சேலையூர் போய், சாப்பிட்டுவிட்டு மாலை வரை வாதாடித் திரும்புவேன். ரேஷன் கடை, செல்போன் கட்டணம், ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை என எதுவும் மிச்சமில்லை. யாரும் யாரையும் மாற்றவில்லை. அவர் கொஞ்சம் என் பக்கமும் நான் கொஞ்சம் அவர் பக்கமும் நகர்ந்தோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது உண்மை இல்லை. என் கருத்து என் கருத்தாகவே இருக்கிறது. அவரும் கடைசி வரை தன் இடத்தில்தான் இருந்தார்.

அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் வியாழக்கிழமை நிற்கவில்லை. கடைசியாக நான் போன மதியம் அவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். பேசினால் மூச்சு வாங்கியது. நான் அன்றைய செய்தியை ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இன்னைக்கு வாதம் வேண்டாம், வசந்தா. உங்ககிட்ட ஒண்ணு கொடுக்கணும். உங்க அப்பா சொன்னது."

ஷீபா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே போனாள். கிரேஸ் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வேலை நிறுத்தத்தின் நடுவில் ஒரு நாள் அப்பா பின்வாசல் வழியாக வேலைக்குப் போயிருக்கிறார். எனக்கு அப்போது நாலு வயது, கடுங்காய்ச்சல். மருந்து வாங்க வழியில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு ஷிப்ட் வேலை செய்து, அந்தக் கூலியில் மருந்து வாங்கி வந்திருக்கிறார். மறுநாள் மறுபடி கேட்டில் போய்க் கூட்டத்தோடு நின்றிருக்கிறார். கையுறை கிடைத்தபோது எல்லோரும் அவரைத் தூக்கிக் கொண்டாடினார்களாம். "அந்தக் கிளவுஸ போடுறப்பல்லாம் கை கூசும் டீச்சரம்மா. எம்பொண்ணாண்ட மட்டும் சொல்லிடாத. அவ என்னிய பெரிய ஆளுன்னு நெனச்சிக்கினுகீறா" என்று அழுதாராம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது ஆண்டுகளாக இது கிரேஸிடம் இருந்திருக்கிறது. தொழிலாளர் ஒற்றுமை என்று நான் மேடையில் முழங்கிய ஒவ்வொரு முறையும், என் அப்பாவை உதாரணம் காட்டிய ஒவ்வொரு முறையும், எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இது தெரியும். மனிதன் முதலில் தன் வீட்டைத்தான் பார்ப்பான் என்பது அவருடைய வாதங்களில் முதல் வாதம். அதற்கு இதைவிடப் பெரிய சாட்சி அவருக்குக் கிடைத்திருக்காது. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நான் அவரைக் குத்திய அன்றுகூட அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஏன் கிரேஸ், ஒரு தடவைகூட இதைச் சொல்லல?"

"அது அவரோட கண்ணீர். என்னோட பாயிண்ட் இல்ல," என்றார். "சொல்லாம போயிடலாம்னுதான் இருந்தேன். ஆனா உங்களுக்காக ஒருத்தர் அவ்வளவு கூனிக் குறுகியிருக்கார். அது உங்களுக்குத் தெரியாம போகக் கூடாது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பாவுக்காக அழுதேனா, அவருக்காக அழுதேனா என்று தெரியவில்லை. அவர் தூங்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலேறினேன்.

அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் அவரைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். என்னால் பேச முடியவில்லை. அன்று பேசாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் கூட்டம் நடந்தது. இரண்டு காவலாளிகளை நிறுத்திவிட்டு கேட்டில் கேமரா வைக்கலாம் என்று செயலாளர் சொன்னார். நான் எதிர்த்தேன். அந்தச் செயலாளர் இளவயதில் ஒரு கம்பெனி வாசலில் காவலாளியாக நின்று படித்தவர். அவர் மனைவி என்னிடம் ஒரு நாள் மனம் விட்டுச் சொன்ன விஷயம் அது. அந்தச் சபையில் அதைச் சொல்லியிருந்தால் அவர் தலைகுனிந்திருப்பார், நான் ஜெயித்திருப்பேன். வார்த்தை நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. வேறு எல்லாக் காரணங்களையும் சொன்னேன். ஒரு காவலாளியை வைத்துக்கொள்ளவும் ஒருவரை அனுப்பவும் முடிவானது. பாதித் தோல்வி.

கிரேஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். என் கொள்கையை அவர் தொடவில்லை. ஆனால் ஒரு மனிதரின் அந்தரங்கமான வலியை எடுத்து வாதத்தில் ஜெயிக்கக் கூடாது என்ற கூச்சத்தை அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அறுபது வயதுக்கு மேல்தான் அது எனக்கு வந்திருக்கிறது.

அந்த அனுப்பப்பட்ட காவலாளிக்கு வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் மட்டும், குளித்து முடித்ததும், கை தானாகக் கைப்பையைத் தேடுகிறது.